உங்கள் வீட்டுக் கேமராவை வேறு யார் பார்க்கிறார்கள்?



வீட்டில் தனியாக இருக்கும் அம்மா சாப்பிட்டாரா? பள்ளி முடிந்து பிள்ளை வந்துவிட்டானா? விடுமுறைக்குக் குடும்பத்தோடு வெளியூர் போயிருக்கும்போது வாசலில் வந்து நிற்பது யார்? இவற்றையெல்லாம் கைத்தொலைபேசியிலேயே பார்க்க முடியுமா என்பதுதான் நம் கலந்துரையாடலில் அதிகம் எழுந்த கேள்வி. தாராளமாக முடியும். புதிய கேமரா என்றால் பத்து நிமிட வேலைதான். ஆனால், நாம் பார்ப்பதற்காகத் திறக்கும் வழியில் வேறு யாரும் நுழைந்துவிடக் கூடாது அல்லவா? எனவே இரண்டையும் சேர்த்தே பார்ப்போம்.

படம் எப்படி வெளியே வருகிறது?

நமது அடுக்குமாடி புளோக்கை நினைத்துக்கொள்ளுங்கள். இணையச் சேவை நிறுவனம் உங்கள் வீட்டுக்குத் தரும் ஐபி முகவரி, புளோக் எண் போன்றது. அது மட்டுமே வெளியுலகுக்குத் தெரியும். வீட்டிலுள்ள கேமரா, கணினி, தொலைக்காட்சி ஆகியவற்றுக்கு ரௌட்டர் தனித்தனி உள் எண்களைக் கொடுக்கிறது. 192.168.1.20 என்பது போன்ற அந்த எண்கள் வீட்டு எண்களைப் போன்றவை. வெளியிலிருந்து அழைக்காமல் வரும் எதையும் ரௌட்டர் உள்ளே விடாது. இந்தத் தடுப்பைத் தாண்டிக் கேமராவை எட்டுவதற்கு மூன்று வழிகள் உண்டு.

முதலாவது, நிறுவனத்தின் செயலி. கேமராவில் உள்ள கியூஆர் குறியீட்டைக் கைத்தொலைபேசியில் வருடி, கணக்கைத் தொடங்கினால் போதும். கேமரா தானாகவே நிறுவனத்தின் கணினியோடு தொடர்பு கொள்ளும். நாமும் அதன் வழியாகவே பார்ப்போம். மிகவும் எளிது. ஆனால் வீட்டுச் சாவி இப்போது அந்தக் கணக்கில் இருக்கிறது என்பதை மறந்துவிடக் கூடாது. பல வீட்டுக் கேமராக்கள் 2.4 கிகாஹெர்ட்ஸ் வைஃபையில் மட்டுமே இயங்கும். இணைப்பு கிடைக்காவிட்டால் முதலில் அதைச் சரிபாருங்கள். வீட்டின் பாதுகாப்பு அறைச் சுவர் தடித்த கான்கிரீட் என்பதால், அதற்குப் பின்னால் கேமராவை வைத்தால் அலை வலுவிழக்கும்.

இரண்டாவது, 'போர்ட் ஃபார்வர்டிங்'. நான்கைந்து கேமராக்களை ஒரு பதிவுப் பெட்டியில் இணைத்திருக்கும் வீடுகளில் இது பழைய வழக்கம். பெட்டிக்கு மாறாத உள் எண்ணைக் கொடுத்து, ரௌட்டரில் ஒரு கதவைத் திறந்து, அந்தக் கதவுக்கு வருபவரை நேராகப் பெட்டிக்கு அனுப்புகிறோம். வெளி முகவரி அடிக்கடி மாறக்கூடும் என்பதால் டிடிஎன்எஸ் என்ற பெயர்ச் சேவையையும் சேர்க்கிறோம். சிக்கல் என்னவென்றால், திறந்த கதவை உலகில் யார் வேண்டுமானாலும் தட்டலாம். அப்படித் தட்டிப் பார்ப்பதற்கென்றே இணையத்தில் இரவு பகலாக அலையும் நிரல்கள் உள்ளன.

மூன்றாவது, விபிஎன். வெளியில் இருக்கும் உங்கள் கைத்தொலைபேசி முதலில் வீட்டு ரௌட்டருடன் மறையாக்கம் செய்யப்பட்ட பாதையில் இணைகிறது. பிறகு வீட்டுக்குள் இருப்பதுபோலவே கேமராவைப் பார்க்கலாம். இப்போது பல ரௌட்டர்களில் இந்த வசதி உண்டு. பதிவுப் பெட்டி வைத்திருப்பவர்கள் தொழில்நுட்பரிடம் இதையே கேட்டுப் பெறுவது நல்லது.

நடந்தவை என்ன?

2014ஆம் ஆண்டு நவம்பரில், உலகெங்கும் பல்லாயிரம் கேமராக்களின் படங்களை நேரலையாகக் காட்டிய ஓர் இணையத்தளம் செய்திகளில் அடிபட்டது. அவை பூட்டை உடைத்துத் திறந்தவை அல்ல. தொழிற்சாலையில் வைத்த மறைச்சொல்லை உரிமையாளர்கள் மாற்றவே இல்லை. 2016ஆம் ஆண்டு மிராய் என்ற நச்சுநிரல் 60க்கும் மேற்பட்ட இத்தகைய பொது மறைச்சொற்களை முயன்று, கேமராக்களையும் பதிவுப் பெட்டிகளையும் கைப்பற்றியது. அவ்வாண்டு அக்டோபரில் அவற்றைக் கொண்டு நடத்திய தாக்குதலில் டுவிட்டர், நெட்ஃபிளிக்ஸ் போன்ற தளங்களே சில மணி நேரம் முடங்கின. 2020ஆம் ஆண்டு அக்டோபரில், சிங்கப்பூர் வீடுகளின் கேமராக் காட்சிகளும் திருடப்பட்டு ஆபாசத் தளங்களில் ஏறியது தெரியவந்தது. வரவேற்பறையும் படுக்கையறையும் விற்பனைப் பொருளாகிவிட்டன.

செய்ய வேண்டியவை

கேமராவைப் பொருத்திய அன்றே, அதோடு வந்த மறைச்சொல்லை மாற்றுங்கள். மின்னஞ்சலுக்கு வைத்திருக்கும் அதே சொல் வேண்டாம். செயலியில் இருபடி உறுதிப்பாட்டை இயக்குங்கள். மென்பொருளைத் தவறாமல் புதுப்பியுங்கள். கேட்காமலே கதவைத் திறந்துவிடும் யூபிஎன்பி என்ற வசதியை ரௌட்டரில் அணைத்துவிடுங்கள். பொருத்த வந்தவர் தமக்கென ஒரு கணக்கு வைத்திருந்தால் அதையும் நீக்குங்கள்.

வாங்கும்போது விலையை மட்டும் பார்க்காதீர்கள். சிங்கப்பூர் இணையப் பாதுகாப்பு அமைப்பு 2020ஆம் ஆண்டு தொடங்கிய தர முத்திரைத் திட்டத்தில் நான்கு நிலைகள் உள்ளன. பெட்டியின்மீது அந்த முத்திரை இருக்கிறதா என்று கவனியுங்கள்.

பதிவுக்கு எவ்வளவு இடம் தேவை? விநாடிக்கு 2 மெகாபிட் வேகத்தில் ஓடும் ஒரு கேமரா நாளொன்றுக்கு ஏறத்தாழ 21 கிகாபைட் எடுக்கும். நான்கு கேமராக்கள் என்றால் ஒரு டெராபைட் வட்டு ஏறக்குறைய 11 நாளில் நிரம்பி, பழைய காட்சிகள் அழியத் தொடங்கும். ஏதாவது நடந்தால் காட்சியை உடனே தனியாகச் சேமித்து வையுங்கள்.

நம் கண்ணுக்கும் எல்லை உண்டு

2023ஆம் ஆண்டு மே மாதம் முதல், வீவக வீட்டின் வெளியே தாழ்வாரத்தை நோக்கிக் கேமரா பொருத்த முன்அனுமதி தேவையில்லை. ஆனால் அது அண்டைவீட்டாரின் கதவையோ சன்னலையோ பார்க்கக் கூடாது. வீட்டுக்குள் கேமரா இருந்தால் இல்லப் பணிப்பெண்ணிடம் அதை முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். அவர் தூங்கும், உடை மாற்றும், குளிக்கும் இடங்களில் கேமரா கூடவே கூடாது. அம்மா, அப்பாவிடமும் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள். பார்த்துக்கொள்வது வேறு, வேவு பார்ப்பது வேறு.

எல்லாம் முடிந்ததும் இரண்டு சோதனைகள். கைத்தொலைபேசியில் வைஃபையை அணைத்து, கைத்தொலைபேசியின் இணையத் தொடர்பில் படம் வருகிறதா என்று பாருங்கள். அடுத்து, கணக்கில் நுழைந்திருக்கும் சாதனங்களின் பட்டியலைச் செயலியில் திறந்து பாருங்கள். உங்களுக்குத் தெரியாத பெயர் ஏதேனும் அதில் இருந்தால் உடனே நீக்கி, மறைச்சொல்லை மாற்றுங்கள். மாதம் ஒருமுறை இதைச் செய்ய இரண்டு நிமிடம் போதும்.