முதலில் நாள், பிறகு ஊர்

வங்கியில் பணியாற்றுவோர்க்கு ஆண்டு என்பது மார்ச் 31-இல் முடிகிறது. கணக்கு முடிப்பு, அதன்பின் தணிக்கை, அதன்பின் காலாண்டு இலக்கு என ஒன்றன்பின் ஒன்றாகப் பணிகள் வந்துகொண்டே இருக்கும். பிற துறைகளில் பணியாற்றும் வாசகர்களுக்கும் இவற்றுக்கு இணையான காலக்கெடுக்கள் உண்டு. இவற்றுக்கிடையே குடும்பத்தோடு எங்கேனும் சென்றுவர வேண்டும் என்ற பேச்சு எழும்போதெல்லாம் நாம் சொல்லும் விடை ஒன்றே: ‘இந்த வேலை முடியட்டும்.’

நானும் அவ்வாறே சொல்லிவந்தேன். சில ஆண்டுகளுக்கு முன் போபாலுக்கு மாற்றலாகிச் சென்றபோது என் தாயாரும் எங்களுடன் வந்தார். அங்கிருந்து காசிக்கு ஓர் இரவு ரயில் பயணம்தான் என்று அறிந்ததும், ஒருமுறை அழைத்துச் செல்லுமாறு கேட்டார். முதலாண்டு கணக்கு முடிப்பினால் தள்ளிப்போயிற்று. இரண்டாம் ஆண்டு தணிக்கையினால். மூன்றாம் ஆண்டு நாங்கள் காசியை அடைந்தபோது தாயாரின் முழங்கால் தேய்ந்துவிட்டிருந்தது. தசாசுவமேதப் படித்துறையின் மேற்படியிலேயே அமர்ந்துகொண்டார். என் மகள் கீழே இறங்கிச் சென்று ஒரு செம்பில் கங்கை நீரைக் கொண்டுவந்தாள். அதைத் தலையில் தெளித்துக்கொண்டு, “இதுவே போதும்” என்றார் தாயார். அவர் குறையாகச் சொல்லவில்லை. ஆயினும், அந்த இரண்டு ஆண்டுகளிலும் என் விடுப்புக் கணக்கில் நாள்கள் சேர்ந்துகொண்டே இருந்தன என்பதை நான் அறிவேன்.

பணத்தைத் திட்டமிடும் அளவுக்கு நாம் விடுப்பைத் திட்டமிடுவதில்லை. முழுநேரப் பணியில் இருப்போர்க்குப் பணத்தைவிட அரிதானது நாள். எனவே பயணத் திட்டம் நாளில் தொடங்க வேண்டும் என்பதே நான் கற்ற பாடம்.

நாள்களைப் பகுத்தல்

ஆண்டின் தொடக்கத்திலேயே நாள்காட்டியை எடுத்து, பணி நெருக்கடி மிகுந்த வாரங்களை முதலில் அடித்துவிடுங்கள். பிள்ளைகளின் தேர்வு நாள்களையும் நீக்குங்கள். எஞ்சிய வாரங்களில் மூன்று வகைப் பயணங்களுக்கு இடம் ஒதுக்கலாம்.

முதலாவது, காலையில் புறப்பட்டு மாலையில் திரும்பும் அண்மைப் பயணம். இதற்கு விடுப்பே தேவையில்லை. போபாலிலிருந்து சாஞ்சியும் பீம்பேட்காவும் ஏறத்தாழ ஐம்பது கிலோமீட்டர் தொலைவிலேயே உள்ளன. அசோகர் காலத்தில் தொடங்கப்பெற்ற தூபி ஒருபுறம்; தொல்மாந்தர் பாறைகளில் தீட்டிய ஓவியங்கள் மறுபுறம். சாஞ்சி 1989-லும் பீம்பேட்கா 2003-லும் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் இடம்பெற்றவை. உலகெங்கிலுமிருந்து பயணிகள் தேடிவரும் இவ்விடங்களை, அருகிலேயே வசித்த நான் இரண்டு ஆண்டுகள் காணாதிருந்தேன். வாசகர்கள் தத்தம் ஊரைச் சுற்றி ஐம்பது கிலோமீட்டருக்குள் உள்ள இடங்களைப் பட்டியலிட்டுப் பார்த்தால் வியப்படைவார்கள்.

இரண்டாவது, வார இறுதியோடு ஓரிரு நாள் விடுப்பைச் சேர்த்து மேற்கொள்ளும் நான்கு நாள் பயணம். ஆண்டுக்கு ஒன்று போதும். மூன்றாவது, இரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை செல்லும் நெடும்பயணம்.

‘நான் இல்லாவிட்டால் அலுவலகம் நடக்காது’ என்னும் அச்சம் பலருக்கு உண்டு. வங்கிகளில் முக்கியப் பொறுப்புகளில் உள்ளோரை ஆண்டுதோறும் தொடர்ச்சியாகக் குறைந்தது 10 வேலை நாள்கள் முன்னறிவிப்பின்றி விடுப்பில் அனுப்ப வேண்டும் என்பது ரிசர்வ் வங்கியின் நெறிமுறை. அது முறைகேடுகளைத் தடுக்க ஏற்பட்டதே அன்றிச் சுற்றுலாவுக்காக அன்று. எனினும் அந்தப் பத்து நாள்களிலும் கிளை நடக்கத்தான் செய்கிறது. திரும்பி வந்து பார்க்கும் அதிகாரிக்கு அதனால் சிறு வருத்தமும் பெரும் நிம்மதியும் ஏற்படுவதுண்டு.

பணம் ஒதுக்குதல்

பயணத்துக்கெனத் தனியாக ஒரு தொடர் வைப்புக் கணக்கு தொடங்குவது எளிய வழி. ஓர் எடுத்துக்காட்டைப் பார்ப்போம். மாதம் ரூ.4,000 வீதம் 12 மாதங்கள் செலுத்தினால் அசல் ரூ.48,000. ஆண்டு வட்டி 6.5 சதவீதம் எனக் கொண்டால், முதிர்வில் ஏறத்தாழ ரூ.49,700 கிடைக்கும். மாறாக, 14 சதவீத வட்டியில் ரூ.50,000 கடன் பெற்றுப் பயணம் சென்று, 12 தவணைகளில் அடைத்தால் வட்டியாக மட்டும் ஏறத்தாழ ரூ.3,870 செலுத்த நேரும். சேமித்துச் செல்பவருக்கும் கடன்பட்டுச் செல்பவருக்கும் இடையிலான வேறுபாடு ரூ.5,500-க்கும் மேல். வட்டி விகிதங்கள் மாறக்கூடியவை. கணக்கின் போக்கு மாறாது.

இங்கு ஒரு நுணுக்கம் உண்டு. 2024 நவம்பர் 1 முதல் ரயில் முன்பதிவுக் காலம் 120 நாள்களிலிருந்து 60 நாள்களாகக் குறைக்கப்பட்டது. பயணச்சீட்டுக்கான பணம் பயணத்துக்கு இரண்டு மாதம் முன்பே கையில் இருக்க வேண்டும். ஆகவே வைப்பு முதிரும் நாளைப் பயண நாளுக்கு வைக்காமல், முன்பதிவு தொடங்கும் நாளுக்குச் சற்று முன்பாக அமையுமாறு வைத்துக்கொள்ளுங்கள்.

பணி வழங்குநரிடமிருந்து விடுப்புப் பயணச் சலுகை பெறுவோர், நான்கு நாள்காட்டி ஆண்டுகள் கொண்ட ஒரு தொகுதியில் இரண்டு பயணங்களுக்கு வரிவிலக்குக் கோரலாம். 2022 முதல் 2025 வரை ஒரு தொகுதி. 2026 முதல் 2029 வரை அடுத்த தொகுதி. இவ்விலக்கு பழைய வரிமுறையைத் தேர்ந்தெடுத்தோருக்கு மட்டும் உரியது. இந்தியாவுக்குள் செல்லும் பயணக் கட்டணத்துக்கே அது பொருந்தும். தங்குமிடமும் உணவும் அடங்கா. பயணச்சீட்டுகளைப் பத்திரப்படுத்துங்கள்.

ஊரும் உடலும்

ஊரைத் தேர்ந்தெடுத்ததும் அது திறந்திருக்கும் காலத்தை உறுதிசெய்துகொள்ள வேண்டும். தாஜ்மகால் வெள்ளிக்கிழமைகளில் மூடப்பட்டிருக்கும். அருங்காட்சியகங்கள் பல திங்கட்கிழமை விடுமுறை. மத்தியப் பிரதேசப் புலிகள் காப்பகங்களின் உட்பகுதி மழைக்காலத்தில், ஜூலை முதல் செப்டம்பர் வரை, பயணிகளுக்குத் திறக்கப்படுவதில்லை.

நான்கு நாள்களில் ஒன்பது இடங்கள் எனத் திட்டமிடுவது, அலுவலக இலக்கையே சுற்றுலாவுக்கும் எடுத்துச் செல்வதாகும். காலையில் ஓரிடம், மாலையில் ஓரிடம், நடுப்பகலில் ஓய்வு. இதுவே முதியோருக்கும் சிறுவருக்கும் ஏற்றது. ஒவ்வொரு நாளும் குடும்பத்தில் ஒருவர் விருப்பப்படி ஓரிடத்தைத் தேர்ந்தெடுக்கட்டும். சாஞ்சியில் தோரணச் சிற்பங்களை நான் விளக்கத் தொடங்கியபோது, என் மகள் அங்குள்ள மரத்தடியில் அணில்களைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அன்று அவள் கண்டதும் பயணமே.

திரும்பி வந்த மறுநாளே பணிக்குச் செல்லும் திட்டத்தைத் தவிர்த்திடுங்கள். துணி துவைக்கவும் உறங்கவும் ஒரு நாள் வேண்டும். அந்த ஒரு நாள் இல்லையெனில் பெற்ற ஓய்வு முழுவதும் முதல் வாரத்திலேயே கரைந்துவிடும்.

பாதுகாப்பு

புறப்படுமுன் அட்டைகளின் செலவு வரம்பைக் குறைத்து, தேவையற்ற வசதிகளை வங்கிச் செயலியிலேயே நிறுத்தி வையுங்கள். மலைப்பகுதிகளில் கைபேசி இணைப்புக் கிடைக்காமல் போகலாம். ஓரளவு ரொக்கமும் தேவை. பணம் பெறுவதற்கு யுபிஐ இரகசிய எண்ணை உள்ளிட வேண்டியதில்லை; அவ்வாறு எவரேனும் கேட்டால் அது மோசடியே. பணம் இழந்தது தெரியவந்தால் உடனே வங்கிக்கும் 1930 என்னும் உதவி எண்ணுக்கும் தெரிவித்திடுங்கள்.

இவை அனைத்துக்கும் தொடக்கம், நாள்காட்டியில் வரையும் ஒரு வட்டம்தான். அந்த வட்டத்தை இம்மாதமே வரைந்து, மேலாளரிடம் சொல்லிவிடுங்கள். பின்னர், ஊரைத் தேர்ந்தெடுக்கும் உரிமையை வீட்டின் மூத்தவருக்கு முதலில் வழங்குங்கள். மற்ற ஊர்கள் அடுத்த ஆண்டுக்குக் காத்திருக்கும்.