கலிபோர்ணியாவின் நீர்க்கணக்கு

செல்வத்தைக் காக்க விழைவோன் முதற்கண் அதன் அளவை அறிதல் வேண்டும். களஞ்சியத்து நெல்லை மரக்காலால் அளந்துவிடலாம். மலைமேற் பனியாய்க் கிடக்கும் நீரையும் மண்ணின் கீழ் மறைந்திருக்கும் நீரையும் அளப்பது எங்ஙனம்? இவ்வினாவுக்கு ஓர் அரசு விடை காண முயன்ற வரலாற்றை ஐக்கிய அமெரிக்க நாடுகளுள் ஒன்றாகிய கலிபோர்ணியாவிற் காணலாம். அம்மாநிலத்தில் மழை பெரும்பாலும் மாரியில், வடபாகத்திற் பெய்கின்றது. நீர் மிகுதியாக வேண்டப்படுவதோ கோடையில், நடுவிலும் தெற்கிலும் உள்ள நிலங்களிலாகும். ஆகவே அங்கு நீரைக் கணக்கிடுதல் உழவரின் வாழ்வோடு ஒட்டிய அரசியற் கடமையாயிற்று.

சியெரா நெவாடா மலைத்தொடரிற் படியும் பனியே அந்நாட்டின் இயற்கை நீர்த்தேக்கம். நெவாடாப் பல்கலைக்கழகத்தில் இலத்தீன் முதலிய செம்மொழிகளைக் கற்பித்த யேம்ஸ் சேர்ச் என்னும் பேராசிரியர் பனியை அளக்கும் எளிய முறையொன்றை வகுத்தார். உட்குழாய் ஒன்றைப் பனியினூடே தரைவரை செலுத்தி, அதனுள் அகப்பட்ட பனியை நிறுத்தால், உருகிவரும் நீரின் அளவு பெறப்படும். பனியின் ஆழத்தை மட்டும் அறிதல் போதாது. புதுப்பனி இலேசானது, பழம்பனி செறிவானது. இம்முறையைத் தழுவி 1929ஆம் ஆண்டில் மாநில அரசு கூட்டுறவுப் பனியளவைத் திட்டத்தைத் தொடக்கிற்று. ஏப்பிரல் முதலாந் திகதியை ஒட்டிப் பனி பெரும்பாலும் உச்ச அளவை அடைவதால் அந்நாளைய கணக்குச் சிறப்பாகக் கொள்ளப்படும். 2015இல் அந்நாளிற் பனியிலிருந்த நீர், வழமையான சராசரியின் நூற்றுக்கு 5 பங்கே எனக் கண்ட ஆளுநர் யெரி பிறவுண், நகர நீர்ப்பாவனையில் நூற்றுக்கு 25 பங்கு குறைக்குமாறு ஆணையிட்டார்.

மலைமேல் நீருக்குக் கிடைத்த கவனம் நிலக்கீழ் நீருக்கு நெடுங்காலம் கிட்டவில்லை. 1914ஆம் ஆண்டுச் சட்டம் ஆற்றுநீரை எடுப்பதற்கு அனுமதி வேண்டுமென விதித்தது. கிணற்றுநீரோ பெரும்பாலும் அதன் எல்லைக்குப் புறம்பாயிருந்தது. இறைப்பு மிகவே, சான் யோவாக்கின் பள்ளத்தாக்கில் நிலமே தாழ்ந்தது. மெண்டோற்றா நகரின் அயலில் 1925க்கும் 1977க்கும் இடையில் தரை ஏறக்குறைய 28 அடி இறங்கிற்று. நீர் நீங்கிய களிமண் படைகள் நெருங்கி இறுகியமையே இதற்குக் காரணம். அவ்வாறு இறுகியவை பின்னர் நீர் பெற்றாலும் பழைய கொள்ளளவை அடைவதில்லை.

2009ஆம் ஆண்டுச் சட்டமொன்றினால் நிலக்கீழ் நீர்மட்டத்தை மாநிலமெங்கும் ஒழுங்காக அளந்து வெளியிடும் ஏற்பாடு உண்டாயிற்று. இத்தகைய அளவீடு, இறைப்பு மிகுவதற்கு முன் இளவேனிலிலும் அது முடிந்தபின் இலையுதிர் காலத்திலும் நிகழும். இறைப்பை நிறுத்தி நீர்மட்டம் நிலைபெற்ற பின்னரே அளத்தல் வேண்டும். இன்றேல் அவ்வேளை இறைப்பினாற் றாழ்ந்த மட்டம் உண்மை மட்டமெனக் கொள்ளப்படும்.

2014இல் நிறைவேறிய நிலைபேறான நிலக்கீழ் நீர் முகாமைச் சட்டம் மேலும் ஒருபடி சென்றது. நீர்மட்டம் இடையறாது தாழ்தல், சேமிப்புக் குறைதல், கடல்நீர் உட்புகுதல், நீரின் தரங் கெடுதல், நிலந் தாழ்தல், தொடர்புடைய ஆறுகள் வற்றுதல் என்னும் ஆறு கேடுகளையும் தடுக்கும் பொறுப்பு உள்ளூர் அமைப்புகளிடம் ஒப்புவிக்கப்பட்டது. மிகையாக இறைக்கப்பட்ட வடிநிலங்கள் 2040க்குள் சமநிலை எய்துதல் வேண்டும். உள்ளூர்த் திட்டம் போதாதவிடத்து மாநிலச் சபை தலையிடலாம். 2024இல் துலாரே ஏரி வடிநிலம் முதன்முதலாக அவ்வாறு கண்காணிப்பு நிலைக்கு உட்படுத்தப்பட்டது.

அளவீடு தானாக ஒரு துளி நீரையுந் தருவதில்லை. ஆயினும், அளவில்லாதவிடத்து வலியோன் ஆழமாகத் தோண்டுவான். எளியோன் கிணறு வற்றும். 2014ஆம் ஆண்டு வறட்சியில் கிழக்குப் போட்டர்வில் என்னும் சிற்றூரில் நூற்றுக்கணக்கான வீட்டுக் கிணறுகள் வற்றியமை இதற்குச் சான்று. நிலக்கீழ் நீர் ஊரார் அனைவர்க்கும் பொதுவான முதல். அதன் கணக்கும் அனைவர்க்கும் தெரிந்ததாயிருத்தலே நீதியாகும்.