பிள்ளையைப் பயிற்சி முகாமுக்கு விடலாமா? தீவகப் பெற்றோரின் சந்தேகங்களும் விளக்கங்களும்

சாதாரண தரப் பரீட்சை முடிந்து பெறுபேறு வரும்வரை பிள்ளைகள் வீட்டில் இருக்கும் மாதங்களில்தான் இந்தப் பேச்சு வருகிறது. பாடசாலையில் கடெற் முகாமுக்குப் பெயர் கேட்கிறார்கள். இளைஞர் படையணியில் தொழிற்பயிற்சி இருக்கிறது என்று யாரோ சொல்கிறார்கள். உயர்தரம் முடித்த அண்ணன்மார் கொத்தலாவல பல்கலைக்கழக விண்ணப்பத்தை நிரப்புகிறார்கள். பிள்ளைக்கு ஆசை, தாய்க்குப் பயம், தகப்பனுக்கோ ஆயிரம் கேள்விகள்.

அந்தப் பயத்தைப் பழங்கதை என்று தள்ளுகிறவர் தீவகத்தை அறியாதவர். 1985 மே 15 இல் குமுதினிப் படகில் நடந்த படுகொலையை நெடுந்தீவு மறக்கவில்லை. 1990 களின் தொடக்கத்திலிருந்து கடற்படை முகாம்களுக்கு நடுவே வளர்ந்த தலைமுறைதான் இன்று பெற்றோராக இருக்கிறது. பள்ளிச் சீருடையோடு போன பிள்ளைகள் இயக்கத்தின் சீருடையோடு திரும்பிய காலத்தையும் வடக்கு கண்டது. ஆகவே சீருடை என்றதும் நெஞ்சு பதைப்பது இயல்பு. ஆனால், விடுவதா மறிப்பதா என்பதைப் பயத்திடம் ஒப்படைக்காமல், கையில் இருக்கும் கடிதத்தைப் படித்து முடிவெடுப்பதுதான் பிள்ளைக்கு நல்லது.

கடெற்றில் சேர்ந்தால் பிறகு ஆமிக்கு எடுத்துவிடுவார்களா?

இல்லை. தேசிய மாணவர் படையணி என்பது பாடசாலையோடு இணைந்த அமைப்பு. 1881 இல் கொழும்பு றோயல் கல்லூரியில் தொடங்கிய வழக்கம் அது. இன்றைய அமைப்பு 1985 ஆம் ஆண்டின் 40 ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் இயங்குகிறது. பாதுகாப்பு அமைச்சின் கீழ் வருகிறது என்பதும் உண்மை; அதை மறைத்துப் பேசுவதில் பயனில்லை. ஆனால் அதில் இருப்பவர் மாணவர், படை ஊழியர் அல்லர். பாடசாலையில் கடெற் பொறுப்பாக இருப்பவரும் பெரும்பாலும் உங்கள் பிள்ளைக்குப் பாடம் எடுக்கும் ஆசிரியரேதான். இதன் பெரிய பயிற்சி நிலையம் மகாவலிக் கரையில் ரந்தம்பேயில் இருக்கிறது.

இலங்கையில் கட்டாய இராணுவ சேவை நடைமுறையில் இல்லை. 18 வயதுக்கு மேற்பட்ட எல்லோருக்கும் இராணுவப் பயிற்சி கொடுக்க வேண்டும் என்று அப்போதைய பொதுமக்கள் பாதுகாப்பு அமைச்சர் சரத் வீரசேகர 2021 ஜனவரியில் பேசினார். அது பேச்சோடு நின்றது. ஆனாலும் ஊரில் இன்றுவரை உலவும் வதந்தி பலவற்றின் வேர் அங்கேதான்.

வயதுக் கணக்கு இதைவிட முக்கியம். பிள்ளைகளை ஆயுத மோதலில் ஈடுபடுத்துவது பற்றிய சர்வதேச நெறிமுறையை இலங்கை 2000 ஆம் ஆண்டில் ஏற்றது. படையில் விரும்பிச் சேர்வதற்கும் 18 வயது நிரம்ப வேண்டும் என்று அப்போது உறுதி கொடுத்தது. ஆயுத மோதலுக்காகச் சிறுவரைச் சேர்ப்பது 2006 இல் தண்டனைச் சட்டக் கோவையிலும் குற்றமானது. 16 வயதுப் பிள்ளையிடம் படைச் சேவைக்கான கையெழுத்தை எவர் கேட்டாலும், எந்த நல்வார்த்தையோடு கேட்டாலும், கொடுக்க வேண்டியதில்லை.

அப்படியானால் 2011 இல் பல்கலைக்கழகப் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போனது என்ன?

நியாயமான கேள்வி. 2011 மே மாதம் பல்கலைக்கழகத்துக்குத் தெரிவான மாணவர்களை மூன்று வாரத் தலைமைத்துவப் பயிற்சி என்று இராணுவ முகாம்களுக்கு அனுப்பினார்கள். அதைக் கட்டாயம் என்றே சொன்னார்கள். உயர்நீதிமன்றத்துக்குப் போன மனுக்கள் தள்ளுபடியாகின. அங்கே சொல்லிக் கொடுத்த வரலாறு ஒருபக்கமானது என்று பல்கலைக்கழக ஆசிரியர்கள் கண்டித்தார்கள். எனக்கும் அதில் மாற்றுக் கருத்தில்லை: படிக்கப் போகிற பிள்ளைக்கு முகாம் வாசல் முதல் வாசலாக இருக்கக் கூடாது.

அந்த அனுபவத்திலிருந்து எடுத்துக்கொள்ள வேண்டியது ஒன்று. கடிதம் வந்தால் அதில் ‘கட்டாயம்’ என்று இருக்கிறதா, ‘விருப்பத்தின் பேரில்’ என்று இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். தெளிவில்லை என்றால் அதிபரிடம் எழுத்தில் கேளுங்கள். வாய்ச் சொல்லாக வரும் ‘போகாவிட்டால் சிக்கல்’ என்பதற்கு எந்தப் பெறுமதியும் இல்லை.

கொத்தலாவல பல்கலைக்கழகமும் இதே மாதிரியா?

இல்லை, இங்கேதான் கவனம் தேவை. இரத்மலானையில் 1980 இல் தொடங்கி, 1981 ஆம் ஆண்டின் சட்டத்தால் அமைந்த நிறுவனம் அது. அங்கே இரண்டு வகையாகப் பிள்ளைகள் படிக்கிறார்கள். ஒரு வகையினர் பணம் கட்டிப் படிக்கும் சாதாரண மாணவர்கள். மற்ற வகையினர் பயிலிளவல் உத்தியோகத்தர்கள்; பட்டத்தோடு முப்படைகளில் ஒன்றின் அதிகாரியாக வெளியேறுபவர்கள். இரண்டாவது வகைக்குச் செலவை அரசு ஏற்கும். பதிலுக்கு ஆண்டுக்கணக்கில் சேவை செய்ய வேண்டும். பிணைமுறியில் கையெழுத்து, பிணையாளர்கள், இடையில் விலகினால் திருப்பிக் கட்டவேண்டிய தொகை எல்லாம் அதில் வரும்.

பிணைமுறியை வாசிக்காமல் கையெழுத்து வைக்காதீர்கள். சிங்களத்திலோ ஆங்கிலத்திலோ இருந்தால் வீட்டுக்குக் கொண்டுவந்து, தெரிந்த சட்டத்தரணி ஒருவரிடம் வாசிப்பித்துக் கேளுங்கள். எத்தனை ஆண்டு, எவ்வளவு தொகை, உடல்நலம் கெட்டால் என்ன நடக்கும் என்ற மூன்றுக்கும் பதில் தெரியாத தகப்பன் பிணையாளராக நிற்கக் கூடாது. 2012 இல் கிளிநொச்சியில் தமிழ் யுவதிகள் இராணுவத்தில் சேர்க்கப்பட்டபோது, எழுதுவினைஞர் வேலை என்று நம்பிப் போனதாகச் சில குடும்பங்கள் சொன்ன செய்தி வந்ததை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். பதவியின் பெயர் என்ன என்பதையும் தாளில் பார்த்தே நம்ப வேண்டும்.

2002 ஆம் ஆண்டுச் சட்டத்தில் பிறந்த தேசிய இளைஞர் படையணி வேறு. அது பாடசாலை விட்ட இளைஞருக்கு ஆளுமைப் பயிற்சியும் தொழிற்பயிற்சியும் கொடுப்பது. ‘படையணி’ என்ற பெயரும் காலை அணிவகுப்பும் மிரட்டினாலும் அங்கே படைச் சேவை இல்லை.

பிள்ளைக்குப் பிடிக்காவிட்டால் திரும்பி வரலாமா?

கடெற் முகாமிலிருந்து வரலாம். ஆனால் தீவகத்தில் ‘வரலாம்’ என்பதும் ‘வந்து சேரலாம்’ என்பதும் ஒன்றல்ல. ஊர்காவற்றுறை, வேலணை, புங்குடுதீவுப் பிள்ளைக்குப் பண்ணைப் பாலம் இருக்கிறது. நெடுந்தீவுப் பிள்ளைக்குக் குறிகட்டுவானிலிருந்து இன்னும் ஏறத்தாழ ஒரு மணிநேரக் கடல் இருக்கிறது. நயினாதீவு, அனலைதீவு, எழுவைதீவுப் பிள்ளைகளுக்கும் படகுதான் வழி. சோளகம் பலமாக அடித்தாலோ வாடைக்கால மழை இறங்கினாலோ படகு நின்றுவிடும். நள்ளிரவில் முகாமிலிருந்து அழைப்பு வந்தால் நெடுந்தீவுத் தாய் விடியும்வரை துறையைப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டியதுதான்.

அதனால் யாழ்ப்பாண நகரத்தில் இருக்கும் மாமாவையோ சித்தியையோ பொறுப்பாளராக முன்கூட்டியே எழுதிக் கொடுங்கள். ‘எங்கள் இருவரையும் தொடர்புகொள்ள முடியாதபோது இவரிடம் பிள்ளையை ஒப்படைக்கலாம், அவசர சிகிச்சைக்கு இவர் சம்மதம் தரலாம்’ என்று ஒரு கடிதம், இரு தரப்பு அடையாள அட்டை இலக்கம், சமாதான நீதவானின் ஒப்பம். ஒரு பிரதி முகாமுக்கு, ஒன்று பொறுப்பு ஆசிரியருக்கு, ஒன்று அந்த உறவினருக்கு. பிறப்புச் சான்றிதழின் மூலப் பிரதியைக் கொடுத்துவிடாதீர்கள். போட்டோப் பிரதி போதும்.

சிங்களம் தெரியாத பிள்ளை அங்கே என்ன செய்யும்?

தமிழும் அரசகரும மொழி என்று 1987 இல் அரசியலமைப்பின் 13 ஆவது திருத்தம் சொன்னது. மைதானத்தில் நிற்கும் பயிற்றுநர் அதைப் படித்திருப்பார் என்று நம்பிப் பிள்ளையை அனுப்ப வேண்டாம். கட்டளைகள் தமிழில் வராது என்றே எண்ணித் தயாராகுங்கள். ‘வமட்ட’ என்றால் இடப்பக்கம், ‘தகுணட்ட’ என்றால் வலப்பக்கம். இதையெல்லாம் பிள்ளை முதல் நாளிலேயே பக்கத்தில் நிற்பவரைப் பார்த்துப் பிடித்துக்கொள்ளும். வீட்டில் பழக்க வேண்டியவை வேறு இரண்டு வசனங்கள்: ‘மட்ட அசனீபயி’ (எனக்குச் சுகமில்லை), ‘தேருணே நே’ (விளங்கவில்லை). விளங்காததை விளங்கியது போல் தலையாட்டும் கூச்சம்தான் எங்கள் பிள்ளைகளுக்கு அங்கே ஆபத்து.

முட்டு வருத்தம் இருக்கிறது. சொன்னால் எடுக்க மாட்டார்களே?

சொல்லுங்கள். எடுக்காவிட்டால் இழப்பு ஒரு முகாம் மட்டும். வெய்யிலில் ஓடி மூச்சு முட்டிய பிறகு மறைத்தது தெரியவந்தால் இழப்பு வேறு. முட்டு, வலிப்பு, இருதயக் குறை, மயக்கம் வந்த வரலாறு, ஒவ்வாத மருந்து எல்லாவற்றையும் மருத்துவர் கையால் எழுதி வாங்குங்கள். பம்பும் மருந்தும் பிள்ளையின் பையிலேயே இருக்க வேண்டும், களஞ்சிய அறையில் அல்ல. பயிற்சி தியத்தலாவை போன்ற மலைப்பகுதியில் என்றால் அது 4,000 அடிக்கு மேல். கடற்காற்றில் வளர்ந்த பிள்ளைக்கு அந்த இரவுக் குளிர் புதிது. மார்பை மூடும் உடுப்பும் போர்வையும் கட்டாயம்.

அடிப்பார்களா?

பாடசாலை மாணவரை அடிக்க எவருக்கும் உரிமை இல்லை. உடல்ரீதியான தண்டனையைப் பாடசாலைகளில் தடுத்துக் கல்வி அமைச்சு 2005 இலும் 2016 இலும் சுற்றுநிருபம் அனுப்பியது. ஆசிரியர் அறைந்ததில் செவி பாதிக்கப்பட்ட ஒரு மாணவனின் வழக்கில், அது அவனுடைய அடிப்படை உரிமையை மீறிய செயல் என்று உயர்நீதிமன்றம் 2021 பெப்ரவரியில் தீர்ப்பளித்தது. கல்வி நிறுவனங்களில் பகிடிவதைக்கு எதிராக 1998 ஆம் ஆண்டின் 20 ஆம் இலக்கச் சட்டம் இருக்கிறது.

மைதானத்தை இன்னொரு சுற்று ஓடு என்பது பயிற்சி. முழங்காலில் வெய்யிலில் நிற்கவிடுவதும், பெற்றோரையோ மொழியையோ இழுத்துத் திட்டுவதும் பயிற்சி அல்ல. இந்த வேறுபாட்டைப் போகுமுன் பிள்ளைக்குச் சொல்லிவிடுங்கள். சின்னக் கஷ்டத்துக்கெல்லாம் முறைப்பாடு செய்யாமலும், பெரிய கொடுமையை விழுங்கிக்கொள்ளாமலும் இருக்க அது உதவும்.

பெண் பிள்ளையை விடலாமா?

பெண் ஆசிரியை ஒருவர் முகாமிலேயே தங்குகிறாரா, உறங்கும் இடமும் குளிக்கும் இடமும் தனியாகப் பூட்டுடன் இருக்கின்றனவா, மாதவிடாய் நாளில் ஓட்டத்திலிருந்து விலக்கு உண்டா என்று கேளுங்கள். மூன்றுக்கும் ‘ஓம்’ என்ற பதில் அந்த ஆசிரியையிடமிருந்தே வந்தால் விடலாம். ‘அதெல்லாம் பார்த்துக்கொள்வார்கள்’ என்றால் வேண்டாம்.

மச்சம் சாப்பிடாத பிள்ளைக்கு?

சைவம் என்று விண்ணப்பத்திலேயே எழுதுங்கள். நயினாதீவுத் திருவிழா நாளோ, ஊர்காவற்றுறையில் கோயில் பெருநாளோ முகாமோடு மோதினால் பிள்ளையே முடிவெடுக்கட்டும்.

இன்னும் ஒரு மாதம் இருக்கிறது. என்ன பழக்கலாம்?

முதலில் சப்பாத்து. செருப்போடு திரியும் பிள்ளைக்குப் புதுச் சப்பாத்து இரண்டாம் நாளே காலைக் கடித்துவிடும். பிறகு நொண்டிக்கொண்டே முகாம் முடியும். இன்றைக்கே வாங்கி, காலுறையோடு தினமும் நடக்க விடுங்கள். காலையில் ஐந்து மணிக்கு எழும்பட்டும், தன் உடுப்பைத் தானே தோய்க்கட்டும், படுக்கையைத் தானே மடிக்கட்டும். போன் கையில் இல்லாமல் ஒரு பகல், பிறகு இரண்டு பகல் என்று கழியட்டும். அங்கே போனை வாங்கி வைத்துவிட்டால் அதுவே பாதி வீட்டு ஏக்கம்.

தாய்மாருக்கும் ஒரு சொல். முதல் நான்கைந்து நாள் பிள்ளை அழுதுகொண்டுதான் பேசும். நீங்களும் அழுதால் அடுத்த அழைப்பில் அது உண்மையைச் சொல்லாது. என்ன சாப்பிட்டாய், காலில் புண் இருக்கிறதா, பக்கத்துக் கட்டிலில் யார் என்று கேளுங்கள். குரலில் ஏக்கம் இருந்தால் பொறுக்கலாம். பயம் இருந்தால் அன்றைக்கே பொறுப்பு ஆசிரியருக்கு எடுங்கள்.

புறப்படும் நாளில் பிள்ளையின் கொப்பியின் கடைசிப் பக்கத்தில் வீட்டு இலக்கத்துக்குக் கீழே 1929 என்று எழுதிவிடுங்கள். தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகாரசபையின் இலக்கம் அது. கட்டணம் இல்லை, 24 மணி நேரமும் எடுக்கலாம், தமிழிலும் பேசலாம்.