சூளகிரியிலிருந்து எம்.பி.ஏ.: பணம் கட்டும் முன் செல்போனில் பார்க்க வேண்டியவை

"ஆறே மாதத்தில் எம்.பி.ஏ. பட்டம். வேலையை விட வேண்டாம், வகுப்புக்கு வர வேண்டாம். இன்றே முன்பணம் கட்டினால் இடம் உறுதி." இப்படி ஒரு செய்தி உங்க வாட்ஸ்அப்புக்கும் வந்திருக்கலாம். கீழே ஒரு செல்போன் எண், ஒரு ஜி-பே க்யூஆர் கோடு. பல்கலைக்கழகத்தின் பெயர் எங்கேயாவது பொடி எழுத்தில் இருக்கும், சில சமயம் அதுவும் இருக்காது.

சூளகிரி, ஓசூர் பக்கம் இந்த மாதிரி செய்திகள் சுற்றுவதற்குக் காரணம் இருக்கிறது. ஓசூருக்கும் கிருஷ்ணகிரிக்கும் ஏறக்குறைய நடுவில், தேசிய நெடுஞ்சாலை 44-ல் இருக்கும் ஊர் நம்முடையது. ஒரு பக்கம் கொத்தமல்லிக் கட்டு ஏற்றிப் போகும் வண்டி, இன்னொரு பக்கம் கம்பெனி பஸ். டிப்ளமோவோ பி.காமோ முடித்துவிட்டு, கம்பெனியில் லைனிலோ ஸ்டோர்ஸிலோ மூணு, நாலு வருஷம் வேலை பார்த்தவருக்கு ஒரு கட்டத்தில் தோன்றும்: "சூப்பர்வைசருக்கு மேலே போகணும்னா எம்.பி.ஏ. கேக்கறாங்களே." அந்த ஆசை நியாயமானது. அதை வைத்துத்தான் மேலே சொன்ன வியாபாரமும் நடக்கிறது.

முதலில் ஒரு விஷயம். ஆறு மாதத்தில் எம்.பி.ஏ. பட்டம் கிடையாது. நம் பல்கலைக்கழகங்களில் எம்.பி.ஏ. இரண்டு ஆண்டு, நான்கு செமஸ்டர். அனுபவம் உள்ளவர்களுக்கென ஐ.ஐ.எம். போன்ற நிறுவனங்கள் ஓராண்டுப் படிப்பு நடத்துகின்றன. அதில் சேரவும் கடுமையான தேர்வு உண்டு. "எக்ஸிகியூட்டிவ்", "மினி எம்.பி.ஏ." என்று வாரக் கணக்கில் முடிவதெல்லாம் பயிற்சிச் சான்றிதழ்கள். கற்றுக்கொள்ள நல்லதாகவே இருக்கலாம், ஆனால் பட்டம் என்று விண்ணப்பத்தில் எழுத முடியாது.

யார் சேரலாம்?

ஏதாவது ஒரு பட்டம் வேண்டும். பி.ஏ. தமிழ் படித்தவரும் சேரலாம், பி.இ. படித்தவரும் சேரலாம். பட்டப்படிப்பில் 50 சதவீத மதிப்பெண், இடஒதுக்கீட்டுப் பிரிவினருக்கு 45 சதவீதம். பாலிடெக்னிக் டிப்ளமோ மட்டும் இருந்தால் போதாது. அதற்கு மேல் ஒரு பட்டம் முடித்திருக்கணும். பிளஸ் 2 அல்லது டிப்ளமோ இல்லாமல், நேரடியாகத் திறந்தவெளிப் பல்கலைக்கழகத்தில் பட்டம் வாங்கியவர்கள் இந்த இடத்தில் மாட்டிக்கொள்வார்கள். அண்ணா பல்கலைக்கழகம் நடத்தும் சேர்க்கைக்கு அந்தப் பட்டம் தகுதியாக எடுத்துக்கொள்ளப்படுவதில்லை. கட்டணம் கட்டிய பிறகு இது தெரிய வந்தால் நஷ்டம் உங்களுக்குத்தான்.

கல்லூரிக்குப் போய்ப் படிப்பதானால்

தமிழ்நாட்டில் இதற்கான பொதுவழி டான்செட் நுழைவுத்தேர்வு. தமிழ்நாடு அரசின் சார்பில் அண்ணா பல்கலைக்கழகம் நடத்துகிறது. எம்.பி.ஏ. தாளில் 100 கேள்விகள், இரண்டு மணி நேரம். தவறான விடைக்கு மூன்றில் ஒரு பங்கு மதிப்பெண் குறையும், அதனால் தெரியாத கேள்வியில் கண்ணை மூடிக்கொண்டு வட்டம் நிரப்பாதீர்கள். 2023, 2024, 2025 ஆகிய மூன்று ஆண்டுகளிலும் தேர்வு மார்ச்சில் நடந்தது. தேதி ஆண்டுக்கு ஆண்டு மாறும், ஆகவே பொங்கல் முடிந்ததிலிருந்தே டான்செட் இணையதளத்தை வாரம் ஒருமுறை பார்த்து வருவது நல்லது. இறுதியாண்டு படிப்பவர்களும் எழுதலாம். ஹால் டிக்கெட் தபாலில் வராது, நீங்களே பதிவிறக்கம் செய்துகொள்ளணும்.

நிறைய பேர் கோட்டை விடுவது தேர்வுக்கு அப்புறம். டான்செட் எழுதி மதிப்பெண்ணும் வந்துவிட்டது, இனி கல்லூரியிலிருந்து கூப்பிடுவார்கள் என்று காத்திருக்கிறார்கள். யாரும் கூப்பிட மாட்டார்கள். கலந்தாய்வுக்குத் தனியாகப் பதிவு செய்யணும். எம்.பி.ஏ., எம்.சி.ஏ. கலந்தாய்வை கோயம்புத்தூர் அரசு தொழில்நுட்பக் கல்லூரி இணையவழியில் நடத்தி வருகிறது. சான்றிதழ்களைப் பதிவேற்றி, கட்டணம் கட்டி, கல்லூரிகளை வரிசைப்படுத்திக் கொடுத்தால்தான் அரசு ஒதுக்கீட்டு இடம் கிடைக்கும். ஓசூர், கிருஷ்ணகிரி பக்கத்துத் தனியார் பொறியியல் கல்லூரிகளில் உள்ள எம்.பி.ஏ. துறைகளுக்கும் இந்த வழியாகவே போகலாம். இது தெரியாமல் நேராகக் கல்லூரிக்குப் போய் நிர்வாக ஒதுக்கீட்டில் கூடுதலாகக் கட்டிச் சேர்கிறவர்கள் உண்டு.

கிருஷ்ணகிரி மாவட்டக் கலை அறிவியல் கல்லூரிகள் சேலம் பெரியார் பல்கலைக்கழகத்தின் எல்லைக்குள் வருகின்றன. 1997-ல் தொடங்கப்பட்ட அந்தப் பல்கலைக்கழகத்திலும் மேலாண்மைத் துறை இருக்கிறது. பெங்களூரு பக்கத்தில்தானே, ஐ.ஐ.எம். பார்க்கலாமா என்று கேட்டால், தாராளமாக. பன்னேர்கட்டா சாலையில் இருக்கிறது. ஆனால் அதற்கு கேட் தேர்வு எழுதணும். வழக்கமாக ஆகஸ்ட், செப்டம்பரில் பதிவு, நவம்பர் கடைசியில் தேர்வு. அக்கம்பக்கத்தில் இருப்பதற்கெல்லாம் சலுகை இல்லீங்க.

எல்லையோரத்துச் சான்றிதழ் சிக்கல்

இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டியிருக்கிறது, ஏனென்றால் மாநிலத்தின் நடுவில் இருப்பவர்களுக்கு இந்தத் தொல்லை அவ்வளவாக இல்லை. அத்திப்பள்ளியிலோ ஆனேக்கல்லிலோ தங்கிப் படித்திருப்பீர்கள், பட்டம் பெங்களூரு கல்லூரியில் வாங்கியிருப்பீர்கள், வீடு மட்டும் சூளகிரியில். கலந்தாய்வில் இவர்களிடம் கேட்கப்படுவது தமிழ்நாட்டு இருப்பிடச் சான்றிதழ். அதேபோல, இடஒதுக்கீடு வேண்டுமானால் தமிழ்நாடு அரசு அலுவலர் வழங்கிய சாதிச் சான்றிதழ்தான் செல்லும். கர்நாடகத்தில் வாங்கிய சான்றிதழை வைத்து இங்கே 69 சதவீத இடஒதுக்கீட்டில் இடம் கேட்க முடியாது. ஒரே சாதிப் பெயர் இரண்டு மாநிலப் பட்டியலிலும் இருந்தாலும் சரி, பிரிவு மாறியிருக்கலாம்.

இருப்பிடம், சாதி, வருமானம் ஆகிய மூன்று சான்றிதழ்களுக்கும் அரசு இ-சேவை இணையதளத்தில் வீட்டிலிருந்தே விண்ணப்பிக்கலாம். முதல்முறை என்றால் ஆதாரைக் கொண்டு கேன் எண் என்னும் குடிமக்கள் கணக்கு எண் உருவாக்கிக்கொள்ளணும். செல்போனில் போட்டோ எடுத்துப் பதிவேற்றும்போது நாலு மூலையும் தெரிகிறதா என்று பாருங்கள்; மங்கலான படத்தால் திருப்பி அனுப்பப்படுவதே அதிகம். இணையத்தில் செய்ய வராவிட்டால் பக்கத்து இ-சேவை மையத்துக்குப் போங்கள். விண்ணப்பம் கிராம நிர்வாக அலுவலர், வருவாய் ஆய்வாளர் வழியாக சூளகிரி வட்டாட்சியர் அலுவலகம் போகும். பழங்குடியினர் சான்றிதழ் மட்டும் கோட்ட அளவில், அதாவது ஓசூரில் முடிவாகும். ஒப்புதல் ஆனதும் குறுஞ்செய்தி வரும். க்யூஆர் கோடுள்ள சான்றிதழை நீங்களே இறக்கிக்கொள்ளலாம்.

இரண்டு மூன்று வாரம் கையில் வைத்துக்கொண்டு விண்ணப்பியுங்கள். கலந்தாய்வுப் பதிவு முடிய நாலு நாள் இருக்கும்போது தாலுகா ஆபீஸ் வாசலில் நின்று பலனில்லை. பெயர் விஷயமும் முக்கியம். தமிழ், தெலுங்கு, கன்னடம் மூன்றும் புழங்கும் ஊர் நம்முடையது. பத்தாம் வகுப்புச் சான்றிதழில் ஒரு எழுத்துக்கூட்டல், ஆதாரில் வேறொன்று, இனிஷியல் ஒன்றில் முன்னால், இன்னொன்றில் அப்பா பெயராகவே விரிவாக. ஆதாரைப் பத்தாம் வகுப்புச் சான்றிதழின்படி திருத்துவதுதான் சுலபம். அதை இப்போதே செய்துவிடலாம், நுழைவுத்தேர்வு அறிவிப்புக்குக் காத்திருக்க வேண்டாம்.

வேலை பார்த்துக்கொண்டே படிப்பதானால்

ஷிப்ட் வேலைக்காரருக்குத் தொலைநிலைக் கல்வியோ இணையவழிக் கல்வியோதான் நடைமுறையில் சாத்தியம். இது மட்டமான படிப்பு என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். முறைப்படி அங்கீகாரம் பெற்ற தொலைநிலை, இணையவழிப் பட்டங்கள் வழக்கமான பட்டங்களுக்கு இணையானவை என்று பல்கலைக்கழக மானியக் குழுவான யுஜிசி 2022 செப்டம்பரில் அறிவித்திருக்கிறது. 1985-ல் தொடங்கிய இக்னோவும், 2002-ல் தமிழ்நாடு அரசு தொடங்கிய தமிழ்நாடு திறந்தநிலைப் பல்கலைக்கழகமும் எம்.பி.ஏ. நடத்துகின்றன. இக்னோவில் முன்பு ஓப்பன்மேட் என்று ஒரு நுழைவுத்தேர்வு இருந்தது. இப்போது பட்டப்படிப்பு மதிப்பெண் போதும்.

ஆனால் "முறைப்படி அங்கீகாரம்" என்ற இரண்டு வார்த்தையில்தான் எல்லாம் இருக்கிறது. நம்ம பக்கத்து மாநிலத்திலேயே நடந்ததைப் பாருங்கள். மைசூரில் உள்ள கர்நாடக மாநிலத் திறந்தநிலைப் பல்கலைக்கழகம் ஒரு மாநில அரசுப் பல்கலைக்கழகம்தான், போலி அல்ல. ஆனால் தன் எல்லையைத் தாண்டி, பிற மாநிலங்களில் தனியார் மையங்கள் மூலம் படிப்புகள் நடத்திய விவகாரத்தில், 2012-13-க்குப் பிறகு அதற்கு அங்கீகாரம் இல்லை என்று 2015-ல் யுஜிசி அறிவித்தது. மீண்டும் அங்கீகாரம் கிடைத்தது 2018-ல். இடையில் சேர்ந்து படித்தவர்கள் கையில் மதிப்பெண் பட்டியலை வைத்துக்கொண்டு, இது செல்லுமா செல்லாதா என்று அலைந்தார்கள். அவர்கள் யாரும் ஏமாற்றுக்காரரிடம் போகவில்லை, அரசுப் பல்கலைக்கழகம் என்று நம்பித்தான் சேர்ந்தார்கள்.

ஆகவே, பல்கலைக்கழகத்தின் பெயர் நமக்குத் தெரிந்த பெயராக இருப்பது மட்டும் போதாது. யுஜிசியின் தொலைநிலைக் கல்விப் பிரிவு இணையதளத்தைத் திறந்து, நீங்கள் சேரப்போகும் அதே கல்வியாண்டில், அதே பல்கலைக்கழகத்துக்கு, எம்.பி.ஏ.வுக்கு அனுமதி இருக்கிறதா, அது தொலைநிலையா இணையவழியா என்று பாருங்கள். போன வருடப் பட்டியலில் இருந்தது இந்த வருடம் இல்லாமல் போகலாம். மாநிலப் பல்கலைக்கழகங்கள் தொலைநிலைப் படிப்பைத் தங்கள் எல்லைக்குள்தான் நடத்தலாம். தனியாருக்கு உரிமம் கொடுத்து மையம் நடத்த விதிமுறை இடம் தரவில்லை. ஓசூர் பஸ் ஸ்டாண்டு மாடியில் வெளிமாநிலப் பல்கலைக்கழகத்தின் "தொலைநிலைக் கல்வி மையம்" என்று போர்டு பார்த்தால் உள்ளே போகும் முன் யோசியுங்கள். இணையவழிப் படிப்புக்கு எல்லை கிடையாது, ஆனால் அதற்கு இடையில் ஒரு மையமும் தேவையில்லை.

இன்னொரு பூட்டும் இருக்கிறது. 2024 முதல் தொலைநிலை, இணையவழிப் படிப்பில் சேர டெப் ஐடி என்ற எண் கட்டாயம். முதலில் டிஜிலாக்கர் வழியாக ஏபிசி ஐடி எடுத்து, பிறகு யுஜிசி தளத்தில் டெப் ஐடி உருவாக்கணும். இதை நீங்களே, உங்க செல்போன் எண்ணில் செய்யுங்கள். "ஆதாரும் ஓடிபியும் சொல்லுங்க, நாங்க போட்டுக்கறோம்" என்பவரிடம் ஓடிபி சொல்ல வேண்டாம். டெப் ஐடி பற்றிப் பேச்சே எடுக்காமல் ஒருவர் இடம் உறுதி என்றால், அது அங்கீகாரம் பெற்ற சேர்க்கை அல்ல.

பணம்

ஆண்டு வருமானம் 2.5 லட்சத்துக்குள் உள்ள ஆதிதிராவிடர், பழங்குடியினர், பிற்படுத்தப்பட்டோர், மிகப் பிற்படுத்தப்பட்டோர் குடும்ப மாணவர்களுக்கு முதுநிலைப் படிப்புக்கும் கல்வி உதவித்தொகை இருக்கிறது. எவ்வளவு என்பது பிரிவுக்கும் கல்லூரிக்கும் ஏற்ப மாறும். விண்ணப்பம் யுமிஸ் தளம் வழியாக, நீங்கள் சேர்ந்த கல்லூரி மூலம். சேர்ந்த வாரமே கல்லூரி அலுவலகத்தில் கேளுங்கள்.

கிடைக்காதவற்றையும் சொல்லிவிடுவோம். புதுமைப் பெண், தமிழ்ப் புதல்வன் திட்டங்களின் மாதம் 1,000 ரூபாய் இளநிலைப் படிப்போடு நின்றுவிடும். வீட்டுப் பொண்ணு பி.காம். முடித்து எம்.பி.ஏ. சேர்ந்தால் அந்தத் தொகை வராது, கணக்குப் போடும்போது அதைச் சேர்க்காதீர்கள். முதல் பட்டதாரி கட்டணச் சலுகையும் இளநிலைத் தொழிற்படிப்புகளுக்கானது.

வங்கிக் கடனைப் பொறுத்தவரை, 4 லட்சம் ரூபாய் வரை சொத்துப் பிணை கேட்பதில்லை. வித்யாலட்சுமி தளத்தில் விண்ணப்பிக்கலாம். வங்கி முதலில் கேட்பது சேர்க்கைக் கடிதமும் கட்டண விவரமும். கலந்தாய்வில் கிடைத்த இடமாக இருந்தால் பேச்சு சுலபமாக முடியும்.

சேர்ந்த பிறகு மனம் மாறினால்? வேறு நல்ல இடம் கிடைத்துப் போகிறவர்களுக்குக் கட்டணத்தைத் திருப்பித் தருவது பற்றியும், அசல் சான்றிதழ்களைக் கல்லூரி பிடித்து வைக்கக் கூடாது என்பது பற்றியும் யுஜிசி 2018-லேயே அறிவிக்கை வெளியிட்டிருக்கிறது. அசலைக் காட்டுங்கள், சரிபார்த்ததும் கையோடு வாங்கிக்கொள்ளுங்கள். பணம் கட்டுவது கல்லூரியின் அல்லது பல்கலைக்கழகத்தின் வங்கிக் கணக்குக்கு மட்டும். தனிநபர் க்யூஆர் கோடுக்குக் கட்டினால் ரசீதே வராது. ரசீது வந்ததும் அன்றே ஒரு போட்டோ எடுத்து, உங்க மின்னஞ்சலுக்கே ஒரு பிரதி அனுப்பி வைத்துக்கொள்ளுங்கள், செல்போன் தொலைந்தாலும் அது இருக்கும்.