குழந்தைகளுக்கான எளிய பாம்பாம் கைவினைகள்

பாம்பாம் என்பது பல நூலிழைகளை நடுவில் ஒரே முடிச்சால் இறுக்கிக் கட்டி, முனைகளை வெட்டி விரித்துச் செய்யப்படும் மென்மையான உருண்டை ஆகும். நூல்பந்து, உல்லன் பந்து என்றும் இதனைச் சொல்லலாம். ஊசியோ இயந்திரமோ தேவையில்லை. சுற்றுதல், கட்டுதல், வெட்டுதல், சீராக்குதல் என்னும் நான்கு செயல்களே இதன் செய்முறை. இவற்றுள் சுற்றுவதைச் சிறு குழந்தையும் செய்ய இயலும். கட்டுவதற்குப் பெரியவரின் கைவலிமை வேண்டும். வேலையைச் சரியாகப் பகிர்ந்துகொண்டால் ஐந்து வயதுக் குழந்தையும் அரை மணி நேரத்தில் ஒரு பந்தைத் தானே செய்ததாகச் சொல்லிக்கொள்ள முடியும்.

பெயரும் பயன்பாடும்

பாம்பாம் என்னும் சொல் பிரெஞ்சு மொழியிலிருந்து வந்தது. பிரெஞ்சுக் கடற்படை மாலுமிகளின் தொப்பி உச்சியில் சிவப்புப் பாம்பாம் இருக்கும். ஸ்காட்லாந்தின் மரபுத் தொப்பிகளிலும் உச்சியில் கம்பளி உருண்டை உண்டு. அதனை அங்கே ‘டூரி’ என்பர். கிரேக்க நாட்டின் எவ்சோன் காவல் வீரர்கள் அணியும் காலணிகளின் முனையில் பெரிய கரிய பாம்பாம்கள் காணப்படும். இன்று குளிர்காலத் தொப்பி, திரைச்சீலை, பை, பொம்மை எனப் பலவற்றிலும் இது அலங்காரமாகப் பயன்படுகிறது.

தேவையான பொருள்கள்

1. உல்லன் நூல். கடைகளில் இப்பெயரில் கிடைப்பது பெரும்பாலும் அக்ரிலிக் என்னும் செயற்கை இழையே. விலை குறைவு, நிறங்கள் பல. மெல்லிய நூலில் பந்து அடர்த்தியாக வரும்; தடித்த நூலில் வேலை விரைவில் முடியும்.
2. கட்டுவதற்கு உறுதியான பருத்தி நூல். குரோஷா பின்னலுக்கு விற்கும் பருத்தி நூல் ஏற்றது. உல்லன் நூல் இழுத்தால் நீளும். பலமாக இழுத்தால் அறும். ஆகவே அதனைக் கட்டுநூலாகப் பயன்படுத்தாமல் இருப்பது நல்லது.
3. பழைய அட்டைப்பெட்டியின் அட்டை, கவராயம், பென்சில்.
4. கூர்மையான கத்தரிக்கோல் ஒன்று (பெரியவருக்கு). முனை மழுங்கிய கத்தரிக்கோல் ஒன்று (குழந்தைக்கு).
5. ஃபெல்ட் துணித் துண்டுகள், வெள்ளைப் பசை.

செய்முறைகள்

விரல் முறை: குழந்தை தன் நான்கு விரல்களைச் சேர்த்து நீட்டி, அவற்றின் மேல் நூலைச் சுமார் 100 முறை சுற்ற வேண்டும். நூல் விரலை இறுக்கக் கூடாது. விரல் நுனி சிவந்தாலோ கருத்தாலோ உடனே கழற்றிவிட வேண்டும். சிறு குழந்தைகளுக்கு விரல்களுக்குப் பதிலாக 5 செ.மீ. அகல அட்டையைத் தருவதே சிறந்தது. சுற்றி முடித்ததும் நூற்கட்டைக் கலையாமல் உருவி எடுத்து, சரியாக நடுவில் கட்டி, இருபுறமும் உள்ள வளைவுகளை வெட்ட வேண்டும்.

முள்கரண்டி முறை: நான்கு பற்கள் உள்ள கரண்டியின் குறுக்கே நூலை 40 முதல் 50 முறை சுற்றி, நடு இடைவெளியில் கட்டுநூலை நுழைத்துக் கட்டுவர். பிறகு கரண்டியிலிருந்து உருவி இருபுறமும் வெட்டினால் சுமார் 2.5 செ.மீ. அளவுள்ள சிறு பந்து கிடைக்கும்.

அட்டை வளைய முறை: அட்டையில் 8 செ.மீ. விட்டமுள்ள இரண்டு வட்டங்களை வரைந்து, ஒவ்வொன்றின் நடுவிலும் 3 செ.மீ. விட்டமுள்ள துளையை வெட்ட வேண்டும். இரண்டு வளையங்களையும் ஒன்றன் மேல் ஒன்றாக வைத்து, துளை ஏறக்குறைய மூடும்வரை நூலைச் சுற்றிக்கொண்டே வர வேண்டும். ஒவ்வொரு சுற்றுக்கும் நூலைத் துளைக்குள் நுழைப்பது குழந்தைக்குச் சலிப்பூட்டும். வளையத்தின் ஓரிடத்தில் விளிம்பிலிருந்து துளைவரை ஒரு செ.மீ. அகலத்துக்கு வெட்டிவிட்டால் அது லாட வடிவம் பெறும்; நூலை அந்த இடைவெளி வழியே எளிதில் கொண்டுசெல்லலாம். சுற்றியபின் வெளி விளிம்பில், இரண்டு அட்டைகளுக்கும் இடையே கத்தரிக்கோலை நுழைத்துச் சுற்றிலும் வெட்ட வேண்டும். உடனே அட்டைகளைக் கழற்றக் கூடாது. இரண்டு அட்டைகளுக்கு நடுவே கட்டுநூலைச் செலுத்தி இறுக்கிக் கட்டிய பின்னரே கழற்ற வேண்டும்.

அளவைக் கணக்கிடுதல்

பந்து எவ்வளவு பெரிதாக வரும் என்பதை முன்கூட்டியே கணக்கிடலாம். விரல் முறையிலும் முள்கரண்டி முறையிலும் இழைகள் நடுவில் கட்டப்படுவதால், சுற்றிய அகலமே ஏறக்குறைய பந்தின் விட்டம் ஆகும். வளைய முறையில் இழைகள் துளையின் பக்கமிருந்து வெளிநோக்கி விரிவதால், வளையத்தின் அகலம் பந்தின் ஆரம் ஆகிறது. 8 செ.மீ. வட்டத்தில் 3 செ.மீ. துளை இருந்தால் வளையத்தின் அகலம் 2.5 செ.மீ.; பந்தின் விட்டம் சுமார் 5 செ.மீ. இருக்கும்.

நூலின் நீளத்தையும் இவ்வாறே காணலாம். 5 செ.மீ. அகல அட்டையில் ஒரு சுற்றுக்குச் சுமார் 10 செ.மீ. நூல் செல்லும். 100 சுற்றுக்கு 10 மீட்டர். மேல் வகுப்புக் குழந்தைகள் முதலில் கணக்கிட்டு, பின் அளந்து சரிபார்த்தால் விட்டம், ஆரம், பெருக்கல் ஆகியவை கைப்பழக்கத்தோடு சேர்ந்து மனத்தில் பதியும்.

முடிச்சின் முக்கியத்துவம்

விரல் முறையில் 100 சுற்றுகள் உள்ள பந்தில் வெட்டிய பின் சுமார் 400 முனைகள் இருக்கும். அவை அனைத்தையும் பிடித்து நிறுத்துவது நடுவிலுள்ள ஒரே முடிச்சு. முடிச்சு இறுகினால் இழைகள் நடுவில் நெருங்கி, வெளிப்புறம் எல்லாத் திசைகளிலும் விரிந்து உருண்டை வடிவம் பெறுகின்றன. முடிச்சு தளர்ந்தால் இழைகள் இரு பக்கமும் சரிந்து, பந்து தட்டையாகிறது. இழுக்கும்போதெல்லாம் இழைகள் உதிர்கின்றன.

சாதாரண முடிச்சின் முதல் சுற்றை இறுக்கிவிட்டு இரண்டாவது சுற்றைப் போடுவதற்குள் நூல் தளர்ந்துவிடும். இதனைத் தவிர்க்க, முதல் சுற்றில் நூல்முனையை ஒருமுறைக்குப் பதிலாக இருமுறை உள்நுழைத்து இழுக்க வேண்டும். கூடுதல் உராய்வு நூலை நழுவவிடாது. அதன்மேல் இரண்டாவது முடிச்சு, பிறகு கட்டுநூலை மறுபுறம் கொண்டுசென்று மூன்றாவது முடிச்சு எனப் போட்டால் பந்து கலையாது. கட்டுநூலின் இரு முனைகளையும் 15 செ.மீ. அளவுக்கு விட்டுவைத்தால், பின்னர் தொங்கவிடவோ மற்றொரு பந்துடன் இணைக்கவோ உதவும்.

இந்த ஒரு வேலையைப் பெரியவர் செய்வது குழந்தையின் வேலையைப் பறிப்பதாகாது. குழந்தை நடுவில் விரலை வைத்துப் பிடிக்க, பெரியவர் இறுக்கலாம். நிறத் தேர்வு, சுற்றுதல், எண்ணுதல், கடைசியில் உருட்டிச் சீராக்குதல் ஆகியவற்றைக் குழந்தையிடமே விட்டுவிட வேண்டும். பந்து சற்றுக் கோணலாக இருந்தாலும் பெரியவர் அதனை வாங்கித் திருத்தாமல் இருப்பது நல்லது.

எளிய கைவினைகள்

கோழிக்குஞ்சு: மஞ்சள் நூலில் 6 செ.மீ., 4 செ.மீ. அளவுள்ள இரண்டு பந்துகள். பெரியது உடல், சிறியது தலை. இரண்டின் கட்டுநூல்களையும் சேர்த்து முடிந்தால் போதும், பசை வேண்டியதில்லை. ஆரஞ்சு நிற ஃபெல்ட்டை முக்கோணமாக வெட்டி அலகாகவும், கருப்பு ஃபெல்ட் வட்டங்களைக் கண்களாகவும் ஒட்டலாம்.

கம்பளிப்புழு: முள்கரண்டியில் செய்த ஐந்து அல்லது ஆறு சிறு பந்துகளை, முனை மழுங்கிய பெரிய ஊசியால் முடிச்சின் வழியே ஒரே நூலில் கோக்க வேண்டும். பச்சை, மஞ்சள் என நிறம் மாற்றி அடுக்குவது ஒழுங்குமுறையை உணர்த்தும் பயிற்சியாகும்.

இருநிறப் பந்து: அட்டை வளையத்தின் ஒரு பாதியில் சிவப்பும் மறு பாதியில் வெள்ளையும் சுற்றினால், பந்தும் பாதிக்குப் பாதி இரு நிறமாக வரும். இரண்டு நூல்களையும் ஒன்றாகப் பிடித்துச் சுற்றினால் நிறங்கள் புள்ளிபுள்ளியாகக் கலந்துவிடும். எது எப்படி வரும் என்பதை முன்பே ஊகித்துச் சொல்லச் செய்தால் குழந்தைகளின் ஆர்வம் கூடும்.

புத்தக அடையாளம்: 20 செ.மீ. நீளமுள்ள மூன்று நூல்களைச் சடையாகப் பின்னி, ஒரு முனையில் சிறு பந்தைக் கட்ட வேண்டும். சடை புத்தகத்துக்குள் இருக்கும். பந்து வெளியே தொங்கும்.

தோரணம்: வகுப்பில் ஒவ்வொரு குழந்தையும் ஒரு பந்து செய்து, எல்லாவற்றையும் ஒரே கயிற்றில் சமதூரத்தில் கட்டலாம். 30 பந்துகளை 10 செ.மீ. இடைவெளியில் கட்டினால் ஏறத்தாழ 3 மீட்டர் தோரணம் கிடைக்கும்.

பாதுகாப்பு

மூன்று வயதுக்குட்பட்ட குழந்தைகளின் கைக்கு எட்டும் இடத்தில் பாம்பாம் இருக்கக் கூடாது. அமெரிக்காவின் பொம்மைப் பாதுகாப்பு விதிகளில், மூச்சுக்குழாய் அடைப்பு ஆபத்தைச் சோதிக்க 31.7 மி.மீ. விட்டமுள்ள ஓர் உருளை பயன்படுகிறது. எவ்வித அழுத்தமும் இன்றி அதற்குள் முழுவதும் அடங்கும் பொருள் அவ்வயதினருக்கு ஏற்றதன்று. முள்கரண்டியில் செய்யும் பந்து அதைவிடச் சிறியது. பெரிய பந்தும் மென்மையானது. வாயில் அழுத்தினால் சுருங்கும், இழைகளும் பிரியக்கூடும். வீட்டில் தவழும் குழந்தை இருந்தால், வேலை முடிந்ததும் தரையில் கிடக்கும் நூல் துணுக்குகளைப் பெருக்கி எடுக்க வேண்டும்.

மணி, பொத்தான் ஆகியவற்றைக் கண்களாக ஒட்டினால் அவை கழன்று விழலாம்; ஃபெல்ட் வட்டங்களே பாதுகாப்பானவை. நீண்ட நூலைக் கழுத்தில் சுற்றி விளையாடவிடக் கூடாது. அக்ரிலிக் இழை தீயில் உருகித் தோலில் ஒட்டும். எனவே விளக்கு, மெழுகுவத்தி, அடுப்பு ஆகியவற்றின் அருகில் பாம்பாம் தோரணத்தைக் கட்டக் கூடாது. சூடான பசைத் துப்பாக்கியைப் பெரியவர் மட்டுமே கையாள வேண்டும்.

பொதுவான குறைகளும் தீர்வுகளும்

பந்து மெலிந்து, நடுவிலுள்ள முடிச்சு தெரிந்தால் சுற்றுகளின் எண்ணிக்கை போதவில்லை என்று பொருள். அடுத்த முறை 30 அல்லது 40 சுற்றுகள் கூட்ட வேண்டும். பந்து வண்ணத்துப்பூச்சி போல இரு பக்கமும் விரிந்து நின்றால் முடிச்சு தளர்வானது; பழைய முடிச்சின் மேலேயே புதிய நூலால் மீண்டும் இறுக்கிக் கட்டலாம். இழைகள் சில நீண்டும் சில குட்டையாகவும் இருப்பது இயல்பே. பந்தைக் கையில் உருட்டி உதறி, நீண்டு நிற்பவற்றை மட்டும் சிறிதுசிறிதாக வெட்ட வேண்டும். ஒரே பக்கத்தைத் தொடர்ந்து வெட்டினால் பந்து குழிவிழும். ஒரு வெட்டுக்குப் பின் பந்தைத் திருப்புவது நல்ல பழக்கம்.

வெட்டிய துணுக்குகளை வீணாக்க வேண்டியதில்லை. அக்ரிலிக் மண்ணில் மக்காது; எரித்தால் நச்சுப்புகை வரும். அவற்றை ஒரு பையில் சேர்த்துவைத்து, பொம்மைக்கோ குண்டூசி குத்திவைக்கும் சிறு மெத்தைக்கோ உள்ளடைப்பாகப் பயன்படுத்தலாம். உல்லன் நூல் கிடைக்காத இடங்களில் பழைய பருத்திப் பனியனை ஒரு செ.மீ. அகல நாடாக்களாக வெட்டி, இதே முறையில் பந்து செய்யலாம். நாடா தடிப்பாக இருப்பதால் 25 முதல் 30 சுற்றுகளே போதும். கட்டுநூலை மட்டும் இரட்டையாக எடுத்துக்கொள்ள வேண்டும்.