ஊவாவில் அரசு எப்போது அசையும்?

1940 மே மாதம். பதுளை வெவெஸ்ஸ தோட்டத்தில் வேலைநிறுத்தம். லங்கா சமசமாஜக் கட்சியின் தோட்டத் தொழிலாளர் சங்கம் அப்போதுதான் ஊவாவில் வேர்பிடிக்கத் தொடங்கியிருந்தது. தொழிலாளர் தங்களுக்குள் ஒரு சபையைத் தேர்ந்தெடுத்தார்கள். அந்தச் சபையோடு கலந்து பேசித்தான் காரியம் நடத்துவேன் என்று தோட்டத்துரையே ஒத்துக்கொள்ள வேண்டி வந்தது. துரை நிழல் விழுந்தாலே தலைத்துண்டை அவிழ்த்து இடுப்பில் கட்டிக்கொண்ட காலம் அது. ஒழுங்கை நிலைநாட்ட வந்த ஆயுதப் பொலிஸாரிடமிருந்து துப்பாக்கிகளைத் தொழிலாளரே பறித்து வைத்துக்கொண்டார்கள் என்று அந்தக் கட்சியின் வரலாறு சொல்கிறது. அதே மாதம் பொலிஸ் தடையை மீறிக் கட்சித் தலைவர் என்.எம். பெரேரா பதுளையில் கூட்டத்தில் பேசினார்.

பிறகு மழை பிடித்தது. வெள்ளத்தில் ஊவா ஒரு வாரத்துக்கும் மேலாக நாட்டின் மற்றப் பகுதிகளிலிருந்து துண்டிக்கப்பட்டுக் கிடந்தது. வெளியிலிருந்து யாரும் வந்து பார்க்க முடியாத அந்த நாட்கள் பொலிஸாருக்கு வசதியாகப் போயின. அடி, உதை, கைது என்று போராட்டத்தை நசுக்கினார்கள். ஜூனில் கட்சித் தலைவர்கள் பிலிப் குணவர்தன, என்.எம். பெரேரா, கொல்வின் ஆர். டி சில்வா, எட்மண்ட் சமரக்கொடி ஆகியோர் தடுப்புக்காவலுக்குப் போனார்கள்.

ஊவாத் தோட்டங்களில் அரசு அசையும் வேகத்துக்கு இது ஒரு சான்று. தொழிலாளி நிமிர்ந்தால் அரசு ஓடி வரும். ஆதரவற்றவன் விழுந்தால்? அதற்கு அறுபது ஆண்டு தள்ளி, பதுளையிலிருந்து அதிக தூரமில்லாத பிந்துனுவெவவுக்குப் போக வேண்டும்.

அதற்கு முன் 1948ஐத் தொடாமல் போக முடியாது. 1947 தேர்தலில் தோட்டத் தமிழரின் இலங்கை இந்தியக் காங்கிரஸ் ஏழு ஆசனங்களை வென்றது. பதுளைத் தொகுதியிலிருந்து எஸ்.எம். சுப்பையா பாராளுமன்றம் போனார். தோட்டத்து வாக்கு வேறு பல தொகுதிகளில் இடதுசாரிகளின் கையையும் பலப்படுத்தியது. அடுத்த ஆண்டே டி.எஸ். சேனாநாயக்க அரசு 18ஆம் இலக்கக் குடியுரிமைச் சட்டத்தைக் கொண்டுவந்தது. 1949இல் வாக்குரிமையும் போயிற்று. தமிழ்க் காங்கிரஸ் தலைவர் ஜி.ஜி. பொன்னம்பலம் அரசோடு நின்றார். செல்வநாயகம் அவரிடமிருந்து பிரிந்து போய்த் தமிழரசுக் கட்சியைத் தொடங்கினார். 1952 தேர்தலில் மலையகத் தமிழர் சார்பில் தேர்ந்தெடுக்கப்பட்டவர் ஒருவர்கூட இல்லை. தோட்டத்தில் பிறந்து, தோட்டத்தில் கொழுந்து பறித்து, தோட்டத்து மண்ணிலேயே புதைக்கப்பட்ட தலைமுறைகளிடம் அப்பன் பிறந்த அத்தாட்சி எங்கே என்று கேட்டார்கள்.

எங்கும் ஒரு துப்பாக்கி வெடிக்கவில்லை. எல்லாம் பாராளுமன்றத்தில், முறைப்படி, பெரும்பான்மை வாக்கோடு நடந்தது. சர்வாதிகாரம் என்றால் இராணுவ வண்டியும் ஊரடங்கும் என்று நினைக்கிறவர்கள் இந்தக் கதையை இன்னொரு முறை படிக்க வேண்டும். தன்னை எதிர்த்து வாக்களிப்பவர்களின் வாக்கையே சட்டம் போட்டு எடுத்துவிடும் அரசுக்கு வேறென்ன பெயர்? அதைத் திருப்பிக் கொடுக்க இந்த நாட்டுக்கு 1964இன் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம், 1974இன் இன்னொரு ஒப்பந்தம், 1988இன் சட்டம், கடைசியாக 2003இன் 35ஆம் இலக்கச் சட்டம் என்று அரை நூற்றாண்டுக்கு மேல் தேவைப்பட்டது. 1964இல் இரண்டு அரசுகளும் 9,75,000 பேரைப் பங்கு பிரித்தன. 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு, மிச்சம் 1,50,000 பேரைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்றார்கள். பங்கு பிரிக்கப்பட்டவர்களை யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

இனி பிந்துனுவெவ. பண்டாரவளைக்கு அருகே அரசு நடத்திய புனர்வாழ்வு முகாம் அது. விடுதலைப் புலிகளோடு தொடர்பு என்று சந்தேகிக்கப்பட்டவர்களும் சரணடைந்தவர்களும் அங்கே வைக்கப்பட்டிருந்தார்கள். பெரும்பாலும் வடக்கு கிழக்கு இளைஞர்கள், சிலர் சிறுவர்கள். நாற்பத்தொரு பேர். 2000 அக்டோபர் 24 இரவு முகாமுக்குள் அதிகாரியோடு தகராறு. காவலுக்குப் பொலிஸார் வரவழைக்கப்பட்டார்கள், ஏறக்குறைய அறுபது பேர், ஆயுதங்களோடு. மறுநாள் 25ஆம் திகதி காலை, கத்தியும் பொல்லுமாகப் பெருங்கூட்டம் முகாமுக்குள் புகுந்தது. 27 பேர் வெட்டியும் அடித்தும் எரித்தும் கொல்லப்பட்டார்கள். 14 பேர் காயங்களோடு தப்பினார்கள். துப்பாக்கி வைத்திருந்த அறுபது பேரும் அங்கேதான் நின்றார்கள். கூட்டத்தில் ஒருவரும் பொலிஸ் குண்டுக்குச் சாகவில்லை.

அறுபது துப்பாக்கிகளுக்கு முன்னால் பொல்லோடு போக ஒரு கூட்டத்துக்குத் தைரியம் எங்கிருந்து வந்தது? அவை சுடப்போவதில்லை என்று தெரிந்திருந்தால் மட்டுமே அப்படிப் போக முடியும். நீதியரசர் பி.எச்.கே. குலதிலக தலைமையில் ஜனாதிபதி ஆணைக்குழு அமைந்தது. 41 பேர் மீது வழக்குப் போட்டார்கள். 2003 ஜூலை 1 அன்று கொழும்பில் மூன்று நீதிபதிகள் கொண்ட விசேட அமர்வு, பொலிஸ் அதிகாரிகள் இருவர் உட்பட ஐந்து பேருக்கு மரண தண்டனை விதித்தது. பரவாயில்லையே என்று நினைத்தவர்கள் உண்டு. மேன்முறையீட்டில் அந்தத் தீர்ப்பு நிற்கவில்லை. 2005 மே மாதத்தில் நாட்டின் அதியுயர் நீதிமன்றம் மிச்சமிருந்தவர்களையும் விடுவித்தது. பட்டப்பகலில், அரசின் முகாமில், அரசின் பொலிஸ் பார்த்திருக்க நடந்த 27 கொலைகளுக்குச் சட்டத்தின் முன் கொலைகாரர் என்று இன்று ஒருவருமில்லை.

2000 அக்டோபரில் அந்தப் படுகொலைச் செய்தி கேட்டுக் கொதித்தெழுந்தவர்கள் தோட்டத்து மக்கள். தலவாக்கலைப் பக்கம் ஆர்ப்பாட்டம் வெடித்தபோது அரசு உடனே அசைந்தது. ஊரடங்குச் சட்டம் வந்தது. பிந்துனுவெவயில் மரம்போல் நின்ற கைகள் இங்கே சுறுசுறுப்பானதை யாரும் விளக்கத் தேவையில்லை.

பிந்துனுவெவயைச் சுற்றியுள்ள சிங்களக் கிராமத்தவரை மட்டும் பழித்துவிட்டுப் போவது எளிது. அது அரைக்கதை. அவர்களுடைய ஊவாவுக்கும் அரசின் கைப்பழக்கம் தெரியும். 1818இல் ஊவா–வெல்லஸ்ஸக் கிளர்ச்சியை அடக்க ஆளுநர் பிரவுன்ரிக்கின் படை வயலையும் வீட்டையும் எரித்தது. கிளர்ச்சிக்குத் தலைமை தாங்கிய கெப்பெட்டிபொல திசாவையின் தலையை வெட்டியது. 1971இலும் 1988–89இலும் இதே நாட்டுப் படைகள் சிங்களப் பிள்ளைகளை ஆயிரக்கணக்கில் கொன்று போட்டன. டயரில் எரிந்த உடல்களைத் தெருவோரம் பார்த்தவர்கள் அந்தத் தலைமுறை. அப்படிப்பட்ட ஊர்களையும் அடுத்த வீட்டுக்காரன்தான் எதிரி என்று நம்பவைக்க அதிகாரத்தால் முடிந்திருக்கிறது. கெப்பெட்டிபொலவைத் துரோகி என்ற பிரித்தானிய அறிவித்தலை ஏறக்குறைய இருநூறு ஆண்டு கழித்து அரசு இரத்துச் செய்தது. நல்ல காரியம். செத்து இருநூறு ஆண்டானவர்களுக்கு நீதி வழங்குவதில் எந்த ஆட்சிக்கும் சங்கடமில்லை.

பிந்துனுவெவயில் போலக் கைகட்டி நிற்பதற்கு எப்போதும் பொலிஸ் உடுப்பு வேண்டியதில்லை. கோப்பும் நிற்கும். கொஸ்லந்தை மீரியபெத்தத் தோட்டத்தில் தொழிலாளர் குடியிருந்த லயங்கள் நின்ற சரிவு ஆபத்தானது என்று தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் 2005இலும் 2011இலும் எச்சரித்திருந்தது. 2014 அக்டோபர் 29 காலை மலை இறங்கி லயங்களை மூடியது. முப்பதுக்கு மேற்பட்டவர்கள் மண்ணுக்குள் போனார்கள். பலருடைய உடல்கூடக் கிடைக்கவில்லை. பள்ளிக்குப் புறப்பட்டுப் போயிருந்த பிள்ளைகள் தப்பினார்கள். திரும்பி வந்தபோது வீடிருந்த இடமே தெரியவில்லை.

தேதியைக் கவனியுங்கள். அதற்கு ஒரு மாதமும் சில நாட்களும் முன், செப்டெம்பர் 20இல் ஊவா மாகாண சபைத் தேர்தல். கொழும்பிலிருந்த அமைச்சர்களில் பாதிப் பேர் ஊவாவில்தான் குடியிருந்தார்கள். தோட்டந் தோட்டமாக மேடை, கூரைத் தகடு, சாமான் பொதி. ஒரு வாக்குக்காக மலையேறிப் போக முடிந்த அரசுக்கு, ஒன்பது ஆண்டுப் பழைய எச்சரிக்கையோடு அதே மலைக்குப் போக முடியவில்லை. தப்பியவர்கள் மாக்கல்தெனியவில் ஒரு தேயிலை ஆலைக்குள் தங்கவைக்கப்பட்டார்கள். ஒரு காலத்தில் தங்கள் கையால் பறித்த கொழுந்து வாடியது போன்ற கட்டடத்தில், திரைச்சீலை மறைப்புக்குள் குடும்பம் குடும்பமாக. புது வீடுகள் கைக்கு வர இரண்டு ஆண்டு ஆனது.

எச்சரிக்கை யாரிடம் போய்ச் சேர்ந்தது என்று கேட்டால் ஒவ்வொருவரும் அடுத்தவரைக் காட்டினார்கள். கம்பெனி என்றார்கள், பிரதேச செயலகம் என்றார்கள், மக்களிடம் சொன்னோம், அவர்கள்தான் போகவில்லை என்றும் சொன்னார்கள். எங்கே போவது? மாற்று இடம் யார் கையில்? தோட்ட நிலம் அரசுடையது. 1992இல் நிர்வாகம் தனியார் கம்பெனிகளுக்குக் கைமாறியது. லயத்தில் இருப்பவர் அரசுக்கும் குடியானவரில்லை, கம்பெனிக்கும் குத்தகைக்காரரில்லை. பிரதேச சபைகள் தோட்டத்துக்குள் பணம் செலவழிக்கச் சட்டம் இடங்கொடுக்கவில்லை. 1987இன் பிரதேச சபைச் சட்டத்தின் 33ஆம் பிரிவு அப்படி. தோட்டத்து மக்கள் அந்தச் சபைகளுக்கு வாக்களிக்கலாம், ஆனால் அந்தச் சபை அவர்களுடைய பாதைக்கு ஒரு வண்டிக் கல் போடக்கூடாது. 2018இல்தான் திருத்தினார்கள்.

ஒரு சின்ன விஷயம். பசறை, லுணுகலை, மடுல்சீமை, ஹாலிஎலப் பக்கத்துத் தோட்டங்கள் பலவற்றில் லயத்துக்கு இலக்கமுண்டு, முகவரியில்லை. கடிதம் தோட்டத்து ஒபிசுக்குத்தான் வரும். நேர்முகப் பரீட்சைக்கு வந்த அழைப்பு, நேர்முகப் பரீட்சை முடிந்த மறுவாரம் பிள்ளையின் கைக்குக் கிடைத்த கதைகளை அங்கே எந்த வீட்டிலும் கேட்கலாம். குடியுரிமை 2003இல் வந்துவிட்டது, வாக்காளர் அட்டை இருக்கிறது, அடையாள அட்டை இருக்கிறது. ஆனாலும் அரசு தன் பிரஜையோடு பேச வேண்டுமென்றால் கம்பெனியின் மேசையைத் தாண்டித்தான் வரவேண்டும். சம்பளமும் அப்படியே. 2024இல் 1,700 ரூபாய் நாட்சம்பளம் என்று வர்த்தமானி போட்டார்கள். கம்பெனிகள் நீதிமன்றம் போயின, இடைக்காலத் தடை வந்தது, அந்த ஆண்டு 1,350இல் வந்து நின்றது. தொழிலாளிக்கெதிரான எந்த வர்த்தமானியாவது இப்படிப் பாதியில் நின்றதுண்டா?

அரசு அசைந்த ஒரு சம்பவத்தையும் சொல்லத்தான் வேண்டும். 2018 ஜனவரியில் பதுளை நகரில் தமிழ்ப் பெண்கள் பாடசாலை அதிபர் ஒருவரை, தான் சொன்ன பிள்ளையைச் சேர்க்க மறுத்ததற்காக அன்றைய ஊவா முதலமைச்சர் சாமர சம்பத் தசநாயக்க முழந்தாளிட வைத்தார் என்ற குற்றச்சாட்டு எழுந்தது. முதலமைச்சர் மறுத்தார். ஆனால் இந்த முறை ஆசிரியர்களும் பெற்றோரும் தெருவில் இறங்கினார்கள். சிங்கள ஆசிரியர் சங்கங்களும் சேர்ந்தன. அவர் மாகாணக் கல்வி அமைச்சைக் கைவிட வேண்டி வந்தது. கைதாகிப் பிணையில் போனார். ஒரு முதலமைச்சரை ஒரு தமிழ்ப் பள்ளிக்கூடத்து விஷயத்துக்காகப் பொலிஸ் நிலையம் வரை கொண்டுபோனது எந்த எஜமானின் கருணையும் அல்ல. இனம் பார்க்காமல் கூடிய ஆட்கள்.

2022இல் காலிமுகத்திடலில் இராணுவம் இறங்கி ஆர்ப்பாட்டக்காரர்களை அடித்தபோது கொழும்பு அதிர்ந்துபோனது. தோட்டத்து மக்களுக்கு அதில் புதிதாக ஒன்றுமில்லை. அவர்கள்மீது பழகிய கைதான் ஊர் முழுக்க நீண்டது. 1979இல் தற்காலிகம் என்று வந்து 1982இல் நிரந்தரமான பயங்கரவாதத் தடைச் சட்டமும் முதலில் தமிழர்களுக்கு மட்டுந்தான் என்று பலர் நிம்மதியாக இருந்தார்கள். பிறகு அது முஸ்லிம்களுக்கு வந்தது, சிங்கள மாணவர் தலைவர்களுக்கும் வந்தது. அதை நீக்குவோம் என்று வாக்குக் கொடுத்து வந்த தேசிய மக்கள் சக்தியின் ஆட்சியிலேயே, 2025 மார்ச்சில், இஸ்ரேலுக்கு எதிராக ஸ்டிக்கர் ஒட்டிய இளைஞர் ஒருவரை அதே சட்டத்தின் கீழ் பிடித்து வைத்தார்கள். ஒரு ஸ்டிக்கருக்கு எத்தனை வேகம்! மீரியபெத்த பற்றிய 2005இன் எச்சரிக்கைக்கு ஒன்பது ஆண்டும் போதவில்லை.

2025 நவம்பர் இறுதியில் டித்வா புயல் வந்தது. பதுளை மாவட்டத்தில் மறுபடியும் மண் சரிந்தது, அந்த மாவட்டம் மறுபடியும் அதிக உயிர்களை இழந்த மாவட்டங்களில் ஒன்றானது. அவசரகால நிலை அறிவிக்கப்பட்டது. அவசரகாலச் சட்டம் கைது செய்யும் அதிகாரத்தைக் கூட்டித் தரும். லயத்துக் குடும்பத்துக்குக் காணிப் பத்திரம் தராது. இடிந்த வீட்டுக்கு நட்டஈடு என்றால் உறுதி கேட்பார்கள். லயத்துக்கு யார் பெயரில் உறுதி?

பதுளை மாவட்டம் 2024 நவம்பரில் அம்பிகா சாமுவேலையும் கிட்ணன் செல்வராஜையும் பாராளுமன்றம் அனுப்பியது. இருவரும் ஆளுங்கட்சி. 1952இல் பதுளைத் தோட்டங்களுக்கு இல்லாத குரல் இப்போது ஆளும் பக்கத்து ஆசனத்திலேயே இருக்கிறது. அவர்களிடம் பெரிய தத்துவம் எதுவும் கேட்க வேண்டாம். பதுளை மாவட்டத்தில் எந்தெந்த லயம் ஆபத்தான சரிவில் நிற்கிறது, அங்கிருந்து குடும்பங்களை இறக்கப் பொறுப்பான அதிகாரி யார், எந்தத் தேதிக்குள், எந்தக் காணிக்கு என்று எழுதி, அடுத்த வடகீழ்ப் பருவமழைக்கு முன்பே ஒவ்வொரு தோட்டத்திலும் வேலைக்கு ஆள் பிரிக்கும் பெரட்டுக்களத்தில் தமிழில் ஒட்டச் சொல்லுங்கள். அதிகாரியின் பெயரும் கையெழுத்தும் அதில் இருக்க வேண்டும்.