கழிச்சல் என்ற பெயரில் ஒளியும் நோய்

கொல்லிமலையில் வாசலூர்பட்டி போன்ற ஊர்களில் நாட்டுக்கோழி என்பது எளிய குடும்பத்தின் கைச்சேமிப்பு. பிள்ளையின் பள்ளிச் செலவுக்கும் திருவிழாப் புத்தாடைக்கும் கைகொடுப்பது அதுவே. ஆதலால் கோழிகள் கழிந்து சாயும்போது வீட்டார் பதறுகின்றனர். பதற்றத்தில் எல்லாவற்றிற்கும் ‘வெள்ளைக் கழிச்சல்’ என்று ஒரே பெயரைச் சூட்டிவிடுகின்றனர்.

அப்பெயரால் நம் மக்கள் பெரும்பாலும் குறிப்பது இராணிக்கெட் நோயை. அது வைரசினால் வருவது. மூச்சுத் திணறலும் கழுத்துத் திருகலும் உடன் வரலாம். அதற்கு மருந்தில்லை, முன்கூட்டியே போடும் தடுப்பூசி மட்டுமே உண்டு.

பாக்டீரியாவினால் வரும் குடல்நோய் வேறு. சால்மொனெல்லா இனத்தைச் சேர்ந்த ஒரு கிருமி, பொரித்து மூன்று வாரத்திற்குள் குஞ்சுகளைத் தாக்கும். அவை ஒடுங்கி நிற்கும். ஆசனவாயில் சுண்ணாம்புபோல் எச்சம் ஒட்டியிருக்கும். அதன் நெருங்கிய உறவான மற்றொரு கிருமி, வளர்ந்த கோழிகளுக்கு டைபாய்டு தருகிறது. கொண்டை வெளுத்து, எச்சம் மஞ்சளும் பச்சையுமாகப் போகும்.

எருசலேமுக்காக வருந்திய ஆண்டவர் தாய்க்கோழியையே உவமையாகக் காட்டினார். அத்துணைப் பரிவோடு 21 நாள் அடைகாக்கும் தாயே, இந்நோயில் பிழைத்ததாயின், தன் முட்டையின் வழியாகக் குஞ்சுக்கு நோயைக் கொடுத்துவிடக்கூடும். வெளித்தோற்றத்தில் அது நலமாகவே இருக்கும். ‘பிழைத்தது கெட்டியான கோழி’ என்று அதன் முட்டைகளை அடைவைப்போர் உண்டு, அது கூடாது. அதனை வளர்ப்புக்கென அண்டை வீட்டாருக்கு விற்பதும் நேர்மையன்று. ஐயமிருப்பின் கால்நடை மருத்துவர் இரத்தச் சோதனையால் கண்டறிவார்.

நோய் இன்னதென அறியாமல் கடையில் ஏதோ ஒரு மருந்தை வாங்கி நீரில் கலப்பது வைரசை ஒன்றும் செய்யாது. வீணே பாக்டீரியாக்களை மருந்துக்குப் பழக்கிவிடும். பெரும் பண்ணைகளில் கொலிஸ்டின் என்னும் மருந்தைத் தீவனத்திலேயே கலந்த காலம் உண்டு. பிற மருந்துகள் கைவிட்ட நோயாளிக்கு மருத்துவர்கள் இறுதியாக நாடும் மருந்து அது! உணவுக்காக வளர்க்கும் உயிரினங்களுக்கென அதைத் தயாரிப்பதையும் விற்பதையும் இந்திய அரசு 2019 ஜூலையில் தடை செய்தது.

மலைச்சாரலில் கூட்டின் தரை ஈரமாகவே கிடக்கும். சாம்பலோ உலர்ந்த உமியோ பரப்பி அடிக்கடி மாற்றவேண்டும். செத்த கோழியை ஓடையில் எறியாமல், முதலில் இறந்ததை உடனே கால்நடை மருத்துவரிடம் சேர்ப்பியுங்கள். மலையடிவாரத்திற்கு அப்பால் நாமக்கல்லில் 1985 முதல் கால்நடை மருத்துவக் கல்லூரியும் உள்ளது. அறுத்துப் பார்க்கையில் ஈரல் வீங்கி வெண்கல நிறமாயிருந்தால் டைபாய்டு என ஐயுற்று, மேற்கொண்டு சோதிப்பர். எஞ்சியவற்றைச் சுண்ணாம்பிட்டு ஆழப் புதைத்துவிடலாம்.